லேப்டாப் வழியே கேம் கன்சோலுக்கு நெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் வைஃபை நன்றாக வருகிறது, பக்கத்தில் இருக்கும் பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பாக்ஸிலோ வரவில்லை. அந்த வைஃபையை லேப்டாப் வாங்கி லேன் கேபிள் வழியாகக் கன்சோலுக்குக் கொடுக்க முடியுமா? முடியும். இதற்குத் தனியாக எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 லேப்டாப்புகளுக்கானவை. மேக், லினக்ஸ் பற்றிப் பின்னால் வருகிறது.

கன்சோலிலேயே வைஃபை இருக்கும்போது லேப்டாப் எதற்கு?

எல்லாக் கன்சோலிலும் வைஃபை இல்லை. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் லேன் துளை மட்டும்தான் இருந்தது. வைஃபை வேண்டுமானால் தனி அடாப்டர் வாங்க வேண்டும். 2010-இல் வந்த மெலிந்த மாடலில்தான் வைஃபை உள்ளேயே வந்தது. பிளேஸ்டேஷன் 3-இன் 20 ஜிபி மாடலிலும் வைஃபை கிடையாது. செகண்ட் ஹேண்டில் இவற்றை வாங்கியவர்கள் முதலில் தேடுவது இந்த வழியைத்தான்.

இன்று அதிகம் பேருக்குப் பயன்படுவது வேறு காரணத்துக்காக. 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் ப்ளூடூத் கருவிகளும் இதே 2.4-இல்தான் நெரிசலாக இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தொல்லையும் அங்கேதான். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தாலும் அந்தக் கன்சோலுக்கு அதில் சிறு பங்குதான் போய்ச் சேரும். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் நெட்டை வாங்கி லேன் கேபிளில் கொடுத்தால் இந்த நெரிசலைத் தாண்டிவிடலாம். 2016-இல் வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்கள் 5 கிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும். அவற்றுக்கு இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் தேவைப்படாது.

மூன்றாவது காரணம் காலேஜ் ஹாஸ்டல். அங்குள்ள வைஃபை பல இடங்களில் ஒரே பாஸ்வேர்டில் இயங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி யூசர்நேமும் பாஸ்வேர்டும் உண்டு. டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் எனப்படும் இந்த முறையைப் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எதுவுமே ஏற்காது. லேப்டாப் ஏற்கும்.

இவை எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை, ரவுட்டரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்றால் லேப்டாப்பை நடுவில் கொண்டுவரவே வேண்டாம். ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு நேராக ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். அதைவிட நல்ல வழி கிடையாது.

உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது?

உங்கள் லேப்டாப் ஒரு சின்ன ரவுட்டராக மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எந்தச் சிக்கலையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

ரவுட்டர் செய்யும் வேலை மூன்று. முதலாவது, தன்னிடம் வரும் கருவிக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுப்பது. இரண்டாவது, இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தருவது, அதாவது டிஎன்எஸ். மூன்றாவது, கன்சோலிலிருந்து புறப்படும் தகவலைத் தன் சொந்த முகவரியில் வெளியே அனுப்பி, திரும்பி வரும் பதிலைச் சரியாகக் கன்சோலிடம் சேர்ப்பது. இந்த மூன்றாவது வேலைக்கு நாட் என்று பெயர். ஆன்லைன் கேமில் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இந்த மூன்றையும் விண்டோஸே செய்யும். 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' என்ற வசதி 1999-இல் விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் லேப்டாப்பின் லேன் துளைக்கு 192.168.0.1 என்ற முகவரி கிடைக்கும். பல வீட்டு ரவுட்டர்களுக்கும் அதே முகவரி என்பதால் இரண்டும் மோதி நெட்டே நின்றுபோகும். விண்டோஸ் 7-லிருந்து அது 192.168.137.1 ஆனது. இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என்னென்ன பொருள் வேண்டும்?

ஒரு லேன் கேபிள், லேன் துளை உள்ள லேப்டாப். அவ்வளவுதான்.

புதிய மெலிந்த லேப்டாப்புகளில் லேன் துளை இருப்பதில்லை. அதற்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது யுஎஸ்பி 3.0, கிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான யுஎஸ்பி 2.0 அடாப்டர்கள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் தாண்டாது. உங்கள் பிளானே 50 அல்லது 100 என்றால் அதுவும் போதும்.

இரண்டு கருவிகளை நேரடியாக இணைக்க 'கிராஸ்ஓவர் கேபிள்' வேண்டும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். கிகாபிட் துளை உள்ள எந்தக் கருவியும் கம்பி வரிசையைத் தானே மாற்றிக்கொள்ளும். சாதாரண கேபிளே வேலை செய்யும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. 2017-இல் வந்த முதல் ஸ்விட்ச்சின் டாக்கில், அதாவது டிவியுடன் இணைக்கும் தாங்கியில், லேன் துளை இல்லை. டாக்கின் யுஎஸ்பியில் ஓர் அடாப்டர் செருக வேண்டும். 2021-இல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கில் துளை உண்டு.

விண்டோஸில் படிப்படியாக எப்படிச் செய்வது?

லேப்டாப் வைஃபையில் இணைந்திருக்கட்டும். பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நெட் வருகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறு முனையைக் கன்சோலிலும் செருகிக் கன்சோலை ஆன் செய்யுங்கள். லேன் துளையில் விளக்கு எரிய வேண்டும்.

1. ஸ்டார்ட் மெனுவில் 'வியூ நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' என்று தேடித் திறங்கள். வைஃபை, ஈதர்நெட் என்று ஐகான்கள் தெரியும். ஈதர்நெட் என்பது லேன் துளைதான்.
2. வைஃபை ஐகானின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். மேலே 'ஷேரிங்' என்ற தாவல் இருக்கும்.
3. 'அலவ் அதர் நெட்வொர்க் யூசர்ஸ் டு கனெக்ட்' என்று தொடங்கும் முதல் வரியில் டிக் போடுங்கள்.
4. கீழே 'ஹோம் நெட்வொர்க்கிங் கனெக்‌ஷன்' என்ற பட்டியல் வந்தால், கன்சோல் கேபிள் செருகியிருக்கும் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். ஓகே கொடுங்கள்.

டிக் போட வேண்டியது வைஃபையில், ஈதர்நெட்டில் அல்ல. நெட் எந்த வழியாக உள்ளே வருகிறதோ அதைத்தான் பகிர்கிறோம். மாற்றிப் போட்டால் லேப்டாப்பிலும் நெட் போய்விடும்.

நான்காவது படியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போன்றவற்றை நிறுவியிருந்தால் அவையும் ஈதர்நெட் 2, ஈதர்நெட் 3 என்று பட்டியலில் வந்து நிற்கும். எது உண்மையான துளை என்று தெரியவில்லையா? கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். எந்த ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி வந்து மறைகிறதோ அதுதான்.

கன்சோலில் எதை மாற்ற வேண்டும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் வைஃபைக்குப் பதிலாக வயர்டு லேனைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் கேபிள் செருகியதுமே தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு கன்சோலிலேயே உள்ள கனெக்‌ஷன் டெஸ்ட்டை ஓட்டுங்கள். ஐபி முகவரி 192.168.137 என்று தொடங்கினால் லேப்டாப்பும் கன்சோலும் பேசிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம்.

ஐபி முகவரி கிடைக்கவில்லை என்கிறது, அல்லது 169.254 என்று தொடங்கும் எண் வருகிறது. என்ன செய்வது?

கன்சோல் முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, அதனால் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. 169.254 என்பதன் பொருள் இதுதான். அப்படியானால் சிக்கல் இணையத்தில் இல்லை, லேப்டாப்புக்கும் கன்சோலுக்கும் நடுவில் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதிலும் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதிலும் நேரம் போக்காதீர்கள்.

முதலில் ஷேரிங் டிக்கை எடுத்து ஓகே கொடுங்கள். பிறகு மறுபடி போட்டு ஓகே கொடுங்கள். பல நேரங்களில் இதுவே தீர்த்துவிடும். தீரவில்லை என்றால் ஈதர்நெட்டின் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸில் 192.168.137.1 இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எண் இருந்தால், முன்பு எப்போதோ கையால் போட்ட முகவரி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிட்டு ஷேரிங்கை மறுபடி ஆன் செய்யுங்கள்.

அடுத்த சந்தேகம் ஆன்டிவைரஸ். விண்டோஸின் சொந்த ஃபயர்வால் பொதுவாக இதைத் தடுப்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் தொகுப்புகளில் தனி ஃபயர்வால் ஒன்று இருக்கும். முகவரி கேட்டு வரும் கன்சோலை அது வெளியாள் என்று நினைத்து நிறுத்திவிடும். ஐந்து நிமிடம் அதை நிறுத்திவைத்துச் சோதியுங்கள். காரணம் அதுதான் என்று தெரிந்தால், அதன் செட்டிங்ஸில் ஈதர்நெட்டை நம்பகமான நெட்வொர்க் என்று குறித்துவிட்டு மறுபடி ஆன் செய்துவிடுங்கள். நிரந்தரமாக நிறுத்தி வைக்கக் கூடாது.

எதுவும் நடக்காவிட்டால் கன்சோலில் கையால் போடலாம். ஐபி முகவரி 192.168.137.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.137.1, டிஎன்எஸ் 8.8.8.8 அல்லது 1.1.1.1.

ஐபி முகவரி சரியாக வந்துவிட்டது, ஆனால் இணையம் வரவில்லையே?

லேப்டாப்பில் இப்போது பிரவுசர் திறக்கிறதா? திறக்கவில்லை என்றால் வைஃபை பக்கம்தான் பிரச்சினை. திறக்கிறது, கன்சோலில் மட்டும் இல்லை என்றால் முதலில் டிஎன்எஸ்ஸை மட்டும் கையால் 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். விபிஎன் ஆன் ஆனதும் லேப்டாப்பின் போக்குவரத்து முழுவதும் வேறு கதவு வழியாகப் போகிறது, நீங்கள் பகிர்வதோ பழைய கதவை.

இரண்டு ஐகானையும் தேர்ந்தெடுத்து 'பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்' கொடுத்தால் போதும் என்கிறார்களே?

நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்ஜ் செய்தால் லேப்டாப் ரவுட்டராக இல்லாமல் வெறும் பாலமாக நிற்கும், கன்சோலுக்கு வீட்டு ரவுட்டரே நேரடியாக முகவரி கொடுக்கும். எண்ணம் அழகானது. நாட் இரண்டு முறை நடக்காது என்பதால் கேமுக்கும் நல்லது.

ஆனால் வைஃபையின் விதி இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு லேப்டாப் ரவுட்டருடன் இணையும்போது அதன் மேக் முகவரி (நெட்வொர்க் கருவிக்கு உரிய அடையாள எண், ஆப்பிளின் மேக் அல்ல) ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைக்கிறது. அதே இணைப்பில் கன்சோலின் மேக் முகவரியும் சேர்ந்து வந்தால் ரவுட்டர் தள்ளிவிடும். விண்டோஸ் இதைச் சமாளிக்க முகவரியை மாற்றி அனுப்பிப் பார்க்கும். சில வைஃபை கார்டுகளில் அது நடக்கும், பலவற்றில் நடக்காது. ஏற்கெனவே பிரிட்ஜ் செய்து வைத்திருந்தால் அதை நீக்குங்கள். அது இருக்கும்வரை ஷேரிங் தாவலைப் பயன்படுத்த முடியாது.

லேன் கேபிளே இல்லாமல் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கலாமா?

ஆக்கலாம். விண்டோஸ் 10-இல் 2016-ஆம் ஆண்டின் அப்டேட்டிலிருந்து 'மொபைல் ஹாட்ஸ்பாட்' செட்டிங்ஸிலேயே இருக்கிறது. வைஃபையில் வரும் நெட்டையே வைஃபையில் திருப்பிக் கொடுக்கும். எட்டுக் கருவிகள் வரை இணையலாம். காலேஜ் வைஃபையில் யூசர்நேம் சிக்கல் இருந்து, லேன் துளையும் இல்லாதவர்களுக்கு இது கை கொடுக்கும்.

குறை என்னவென்றால், ஒரே வைஃபை கார்டு ஒரே நேரத்தில் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே சேனலில் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பிங்கும், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரமும், ஏறி இறங்கும். டவுன்லோடு செய்ய இது போதும், துப்பாக்கிச் சண்டை கேமுக்குக் கேபிள்தான் நல்லது.

லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும்போது சில கார்டுகள் ஹாட்ஸ்பாட்டையும் 5-இல்தான் திறக்கும். அப்போது பழைய பிளேஸ்டேஷன் 4 அந்தப் பெயரைக் காட்டவே காட்டாது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்டை 2.4 என்று மாற்றுங்கள். மாறவில்லை என்றால் லேப்டாப்பையும் ரவுட்டரின் 2.4-க்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

ஹாட்ஸ்பாட்டையும் கேபிள் ஷேரிங்கையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யாதீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சேவை. அது ஒரு பக்கம்தான் கொடுக்கும்.

நாட் டைப் 3, ஸ்ட்ரிக்ட் என்று வருகிறது. நண்பர்களுடன் சேர்ந்து ஆட முடியவில்லை. தீர்வு உண்டா?

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பிளேஸ்டேஷனில் டைப் 1, 2, 3. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். ஸ்விட்ச்சில் ஏ முதல் டி வரை எழுத்துகள், எஃப் என்றால் தோல்வி. பிளேஸ்டேஷனில் டைப் 2, எக்ஸ்பாக்ஸில் மாடரேட், ஸ்விட்ச்சில் பி வந்தாலே பெரும்பாலான கேம்களை ஆடலாம். டைப் 1 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், ரவுட்டர் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அது வராது.

ஸ்ட்ரிக்ட் ஏன் வருகிறது? நீங்கள் வெளியே அனுப்பும் எதற்கும் பதில் வந்து சேரும். ஆனால் வெளியிலிருந்து ஒரு நண்பரின் கன்சோல் தானாக வந்து உங்கள் கன்சோலைத் தட்டினால், அது யாருக்கு என்று நாட்டுக்குத் தெரியாது, தள்ளிவிடும். உங்கள் அமைப்பில் இந்தத் தடுப்பு இரண்டு இடத்தில் நிற்கிறது, வீட்டு ரவுட்டரில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. ஆகவே கதவையும் இரண்டு இடத்தில் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுப் பலன் இல்லை என்று கைவிடுபவர்கள்தான் அதிகம்.

கன்சோலுக்கு 192.168.137.50 போல நிலையான முகவரி கொடுங்கள். லேப்டாப்பில் ஷேரிங் தாவலிலேயே உள்ள 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தி, புதிய சேவையாக அந்த முகவரிக்குப் போர்ட்டுகளைச் சேருங்கள். போர்ட் என்பது தகவல் உள்ளே வரும் எண்ணிட்ட கதவு, யுடிபி, டிசிபி என்பவை தகவல் அனுப்பும் இரண்டு முறைகள். எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 3074 முக்கியம். பிளேஸ்டேஷனுக்கு யுடிபி 3478, 3479, டிசிபி 3478 முதல் 3480 வரை. அடுத்து வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் அதே எண்களை லேப்டாப்பின் வைஃபை முகவரிக்கு அனுப்புங்கள், கன்சோலின் முகவரிக்கு அல்ல. ரவுட்டருக்குக் கன்சோல் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ரவுட்டரில் லேப்டாப்பை 'டிஎம்இசட்'-இல் (வெளியிலிருந்து தட்டும் எல்லாவற்றையும் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டால் எளிதில் முடியும் என்றும் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். கன்சோலுக்காகத் திறக்கும் கதவில் உங்கள் லேப்டாப் முழுவதும் வெளியே தெரியும். அதில்தான் உங்கள் பேங்க் கணக்கும் போட்டோக்களும் இருக்கின்றன.

இவ்வளவு செய்தும் மாறவில்லை என்றால் மூன்றாவதாக ஒரு நாட் இருக்கலாம், உங்கள் இணைய நிறுவனத்திடம். ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாட்டில் இருப்பதால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் இந்த நிலைமைதான். அங்கே உங்களால் எந்தப் போர்ட்டையும் திறக்க முடியாது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், சில இடங்களில் மாதக் கட்டணம் இருக்கும். காலேஜ், ஹோட்டல் வைஃபையிலும் இதே கதைதான்.

வேகம் குறையுமா? பிங் ஏறுமா?

கேபிள் வழி ஷேரிங்கில் லேப்டாப் சேர்க்கும் தாமதம் மிகச் சிறிது, ஆட்டத்தில் தெரியாது. தெரிவது வைஃபையின் தடுமாற்றம்தான். லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கமாக நகர்த்தினாலே ஆட்டம் சீராகும். அதற்கு நீளமான லேன் கேபிள் வாங்குவது நல்ல செலவு. கன்சோல் டிவிக்கு அடியில் இருக்கட்டும், லேப்டாப் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் இருக்கட்டும்.

ஆடும்போது லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட்டோ, கிளவுட் பேக்கப்போ ஓடினால் கேம் திக்கும். அவற்றை நிறுத்தி வையுங்கள். டவுன்லோடு கணக்கு வேண்டுமானால்: 100 ஜிபி கேம், 100 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் சுமார் இரண்டேகால் மணி நேரம். 50 என்றால் நாலரை மணி நேரம்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, ஃபோன் நெட்தான். அதை லேப்டாப் வழியாகக் கொடுக்கலாமா?

ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் கன்சோல் நேராகவே இணையும், அதை முதலில் முயலுங்கள். கன்சோலில் வைஃபை இல்லை அல்லது பழுது என்றால் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். அது இன்னொரு ஈதர்நெட் ஐகானாக வரும். வைஃபைக்குப் பதிலாக அந்த ஐகானில் ஷேரிங் டிக் போட்டால் சரி. ஃபோனும் சார்ஜ் ஏறும், நடுவில் வைஃபையே இல்லாததால் இணைப்பும் நிலையாக இருக்கும்.

டேட்டாதான் கவலை. ஆன்லைனில் ஆடுவதற்கு அதிகம் செலவாகாது. அப்டேட்டும் கேம் டவுன்லோடும்தான் விழுங்கும். ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளான் வைத்திருப்பவர் கன்சோலின் ஆட்டோ அப்டேட்டை ஆஃப் செய்யாமல் தூங்கப் போனால் காலையில் டேட்டா இருக்காது. விண்டோஸில் டேட்டா செலவைக் குறைக்கும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' போட்டு வைத்தாலும் அது லேப்டாப்பை மட்டுமே கட்டுப்படுத்தும், கன்சோலுக்குப் பொருந்தாது.

ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வருகிறது. கன்சோலில் அது திறக்கவில்லை.

பிளேஸ்டேஷன் 5-இல் தனியாக ஒரு பிரவுசர் இல்லை, அதனால் இந்தச் சிக்கல் அதில் அதிகம். லேப்டாப்பில் ஒருமுறை லாகின் செய்துவிட்டால் போதும். கன்சோலின் போக்குவரத்து லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே போவதால் அந்த வைஃபைக்கு இரண்டும் ஒரே கருவி.

இதற்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் மாணவர்கள் நெட்டைப் பகிரக் கூடாது என்று விதி இருக்கிறது. கன்சோலின் மேக் முகவரியைக் கொடுத்தால் முறைப்படி பதிவு செய்து தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஐடி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அந்த வழி கிடைத்தால் லேப்டாப்பே தேவையில்லை. வேலை செய்யும் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இதைச் செய்யவே வேண்டாம். பல கம்பெனிகள் ஷேரிங்கைப் பூட்டித்தான் வைத்திருக்கும். பூட்டாவிட்டாலும் வீட்டுக் கன்சோலை அதனுடன் இணைப்பது சரியல்ல.

லேப்டாப்பை மூடினால் ஆட்டம் நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் ஷேரிங் போய்விடுகிறது.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'டூ நத்திங்' வையுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' ஆக இருக்கட்டும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மெண்ட்டில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை ஆஃப் செய்யலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். மூடிய லேப்டாப்பை மெத்தை மேலோ டிவி ஸ்டாண்டின் அடைப்புக்குள்ளோ வைக்காதீர்கள், சூடு போக வழி வேண்டும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு டிக் இருந்தும் நெட் வராமல் போவது விண்டோஸ் 10-இல் 2017-இன் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து தெரிந்த கோளாறு. 'சர்வீசஸ்' பட்டியலில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை ஆட்டோமேட்டிக் ஆக்கிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் டிக்கை எடுத்து மறுபடி போடுங்கள்.

மேக், லினக்ஸ்?

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், இன்டர்நெட் ஷேரிங். வைஃபையிலிருந்து ஈதர்நெட்டுக்கு என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கன்சோலுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரி வரும். வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுக்க மேக் விடாது. யூசர்நேம் கேட்கும் காலேஜ் வைஃபையைப் பகிரவும் மறுத்துவிடும். மேக் வைத்திருக்கும் ஹாஸ்டல் மாணவர்கள் அடாப்டர் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

லினக்ஸில்தான் இது மிகச் சுலபம். வயர்டு இணைப்பின் ஐபிவி4 தாவலில் 'ஷேர்டு டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' என்று மாற்றிச் சேமியுங்கள். கன்சோலுக்கு 10.42.0 என்று தொடங்கும் முகவரி வரும். நான் பார்த்தவரை ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் சிணுங்காமல் ஓடுவது இதுதான்.

பழைய கையடக்கக் கருவிகள், பிஎஸ்பி, நிண்டெண்டோ டிஎஸ்?

இவற்றில் லேன் கிடையாது, ஹாட்ஸ்பாட் ஒன்றுதான் வழி. பிஎஸ்பி 802.11பி என்ற மிகப் பழைய வைஃபையை மட்டுமே பேசும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். நிண்டெண்டோ டிஎஸ் கேம்கள் வெப் (WEP) என்ற பழைய பூட்டு முறையை மட்டும்தான் அறியும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் அந்தப் பாதுகாப்பில்லாத முறையைத் தராது.

இணைத்தாலும் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டிஎஸ், வீ (Wii) கன்சோல் இரண்டுக்குமான நிண்டெண்டோவின் ஆன்லைன் சேவை 2014 மே மாதத்தில் முடிந்தது. 3டிஎஸ், வீ யு ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலில் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய கேம்களை ஆன்லைனில் ஆடுவதற்கு அந்த மூடல் தடையாக இல்லை. அதனால் 360-க்கு இந்தப் பாடு பயனுள்ளதே.

நிரந்தரமாக இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வாரக் கடைசியில் ஆடுபவருக்கும், ஹாஸ்டலில் ஒரு செமஸ்டர் ஓட்டுபவருக்கும் போதும். தினமும் ஆடுகிற வீட்டில் லேப்டாப் சீக்கிரமே சலிப்பூட்டும். அப்பாவுக்கு லேப்டாப் வேண்டும் என்றால் தம்பியின் ஆட்டம் நடுவில் அறுந்துபோகும்.

அப்போது வாங்க வேண்டியது லேன் துளை உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் அல்லது சின்ன டிராவல் ரவுட்டர். இரண்டுமே லேப்டாப் செய்யும் வேலையைத்தான் செய்யும். வீட்டு வைஃபைக்கு எக்ஸ்டெண்டர் போதும், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிறதா, லேன் துளை இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். லாகின் பக்கம் வரும் இடங்களுக்கு டிராவல் ரவுட்டர்தான் சரி. வீட்டில் பழைய ரவுட்டர் ஏதாவது கிடந்தால் அதன் செட்டிங்ஸில் 'கிளையண்ட்', 'டபிள்யூஐஎஸ்பி', 'ரிப்பீட்டர்' என்ற முறைகளில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் காசே செலவாகாது.